வேலந்தாவளம் தாண்டினா நெட் மாறுமா? தடை அறிவிப்புகளோட பின்னணி

2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை ஐகோர்ட் தமிழ்நாட்டோட ஆன்லைன் ரம்மி தடைச் சட்டத்த ரத்து பண்ணுச்சு. அன்னைக்கு கேரளால தடை அமல்ல இருந்துச்சு, அந்த வருஷம் பிப்ரவரில அறிவிக்கை போட்டு கொண்டு வந்தது. அதனால பாலக்காடு மாவட்டத்துல, கேரளா பார்டர்ல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறைல உக்காந்து காசு கட்டி ரம்மி ஆடினா குத்தம், பஸ் ஏறி வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள போயிட்டா குத்தமில்ல. செப்டம்பர் 27ல கேரளா ஐகோர்ட்டும் இங்கத்த தடைய தூக்கிருச்சு. அப்பறம் 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டோட ரெண்டாவது சட்டம் வந்ததும் அப்படியே தலைகீழ், இந்தப் பக்கம் ஆடலாம் அந்தப் பக்கம் ஆடக்கூடாது. அதே வருஷம் நவம்பர் 9ல சென்னை ஐகோர்ட் சட்டம் இருக்கட்டும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதுக்கு இது பொருந்தாதுன்னு சொல்லுச்சு. கடைசியா 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட் மொத்த நாட்டுக்கும் காசு கட்டற ஆன்லைன் கேம் கூடாதுன்னு ஒரே சட்டமா போட்ருச்சு.

இத்தனையும் நாலஞ்சு வருஷத்துக்குள்ள. பார்டர்ல இருக்கற எங்களுக்கு இது பேப்பர்ல படிக்கற செய்தி மட்டும் இல்லங்க, காலைல பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ வேலைக்கு போயிட்டு சாயங்காலம் திரும்பி வர்றவங்க இந்த ஊர்ல பாதிப்பேரு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சட்டம் மாறற எடத்துல போன கைல வச்சுக்கிட்டு நிக்கிறவங்க. அதனாலதான் நெட்டுக்கு தடை, ஃபில்டர், பிளாக்குனு எந்த அரசாங்கம் பேசினாலும் அது தரைல எப்படி நடக்குது, ஏன் திரும்பத் திரும்ப அதையே பேசறாங்கன்னு விளக்கமா எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல நெறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம். ஒரு வெப்சைட்ட பிளாக் பண்ற சுவிட்ச் மாநில அரசுகிட்ட இல்ல. ஐடி சட்டம் 2000ல 69ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, 2008 திருத்தத்துல சேத்தது, 2009 அக்டோபர்ல அமலுக்கு வந்தது. நாட்டோட இறையாண்மை, பாதுகாப்பு, ராணுவம், வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இதுக்கெல்லாம் எதிரா குத்தம் செய்யத் தூண்டறது, இந்த மாதிரி குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும்தான் அதுல பிளாக் பண்ண முடியும், பண்றது டெல்லி. மாநிலம் என்ன செய்யலாம்னா சூதாட்டம் மாநிலப் பட்டியல்ல வர்றதால சட்டம் போடலாம், கேஸ் போடலாம், ஆனா சைட்ட நிறுத்தணும்னா டெல்லிக்கு எழுதணும். ஆந்திரால அதான் நடந்துச்சு. 2020 செப்டம்பர்ல அங்க ஆன்லைன் சூதாட்டத்துக்கு தடை போட்டாங்க, அதுக்கப்பறம் அப்போ முதலமைச்சரா இருந்த ஜெகன் மோகன் ரெட்டி 132 சைட், ஆப் பேர் போட்டு இதெல்லாம் பிளாக் பண்ணுங்கன்னு மத்திய அமைச்சருக்கு லெட்டர் எழுதினார். டிவில "தடை"ன்னு ஓடின செய்தி, ஆபீஸ்ல ஒரு லெட்டர். ஆந்திரால நகரி, சித்தூர், சத்தியவேடு பக்கம் இருக்கற நம்ம தமிழ் ஆளுங்களுக்கு அப்போ திருத்தணில ஒரு சட்டம், பத்து மைல்ல இன்னொரு சட்டம், போன்ல இருக்கற ஆப் ஒண்ணுதான்.

சரி அந்த ஆப் நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்கன்னு எப்படி கண்டுபிடிக்கும்? ரெண்டு வழி. ஒண்ணு போன்ல இருக்கற லொக்கேஷன், இன்னொன்னு ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல உங்க கனெக்ஷனுக்கு இருக்கற நம்பர். லொக்கேஷன ஏமாத்தறதுக்கு தனி ஆப் இருக்குன்னு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். ஐபி அட்ரஸ் கத வேற, மொபைல் டேட்டா எங்க வழியா வெளிய போகுதோ அந்த ஊரத்தான் அது காட்டும், நீங்க நிக்கிற எடத்த காட்டாது. எங்க பக்கம் பார்டர் ஓரத்து தோட்டத்துல நின்னா போன் ஒரு நேரம் கேரளா டவர்ல இருக்கும், கொஞ்சம் நகந்தா தமிழ்நாடு டவருக்கு தாவிடும். தென்னந்தோப்புக்குள்ள கோடு எங்க இருக்குன்னு நிலத்துக்காரருக்கே ஆவணத்த பாத்தாதான் தெரியும், இதுல ஆப் என்னத்த கண்டுச்சு.

லாட்டரி இதுக்கு முன்னாடியே இதே பாடத்த காட்டிருச்சு. கேரளா அரசு லாட்டரி 1967ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய மொத்தமா தடை பண்ணிட்டாங்க. அன்னையிலிருந்து கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார், அந்தப் பக்கம் புளியரை தாண்டி ஆரியங்காவு, எல்லா எடத்துலயும் லாட்டரி கடைக்கு தமிழ்நாட்டு ஆளுங்கதான் முக்கியமான வாடிக்கை. அதாவது காகிதத்துல வர்ற சீட்டு, செக்போஸ்ட் இருக்கு, போலீஸ் இருக்கு, அப்பவும் இப்படி. இப்போ கேரளா லாட்டரி பேர்ல ஆன்லைன்ல டிக்கெட் விக்கறோம்னு போலி சைட்டும் வாட்ஸ்அப் மெசேஜும் வருது. கேரளா லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனையே கிடையாது, கவுண்டர்ல வாங்கற பேப்பர் டிக்கெட் மட்டும்தான், இந்த ஒரு வரிய பார்டருக்கு அந்தப் பக்கம் இருக்கற குடும்பங்களுக்கு தமிழ்ல யாராவது ஒழுங்கா சொல்லியிருந்தாலே எத்தனையோ பேர் காசு தப்பிச்சிருக்கும்.

இனி பிளாக்குன்னு சொல்றாங்களே, அது டெக்னிக்கலா என்னன்னு பாக்கலாம். டெல்லில இருந்து நெட் கம்பெனிகளுக்கு ஒரு லிஸ்ட் போகும். கம்பெனி அத பல விதமா செய்யலாம். சைட் பேர கேட்டா தப்பான விலாசம் குடுக்கறது ஒரு விதம், அது டிஎன்எஸ் பிளாக். அந்த சர்வரோட ஐபிக்கே போக விடாம நிறுத்தறது இன்னொன்னு. நீங்க எந்த சைட்டுக்கு போறீங்கன்னு கனெக்ஷன் ஆரம்பிக்கும்போது வெளிய தெரியற பேர மட்டும் படிச்சு அத்து விடறது மூணாவது. பெங்களூர்ல இருக்கற இன்டர்நெட் ஆராய்ச்சி மையத்து ஆளுங்க இத சோதிச்சு பாத்து எழுதியிருக்காங்க, கம்பெனிக்கு கம்பெனி பிளாக் பண்ற லிஸ்டும் மாறுது, விதமும் மாறுது. ஒரே அரசாங்கம் ஒரே உத்தரவு, ஆனா உங்க சிம் எதுன்றத பொறுத்து சைட் வரும், வராது.

எங்க ஊர்ல கேபிள் டிவியோட சேத்து நெட் கனெக்ஷன் குடுக்கறவர் ஒருத்தர் இருக்கார், ரொம்ப வருஷப் பழக்கம். அவருக்கு அந்த லிஸ்ட் வர்றதே இல்ல, மேல இருக்கற கம்பெனியோட போயிடும், ஆனா திட்டு மட்டும் இவருக்கு வரும். முன்னாடியெல்லாம் சாதா எச்டிடிபி சைட்டா இருந்தா தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி இந்த முகவரி தடுக்கப்பட்டிருக்குன்னு ஒரு பக்கம் வரும், ஆளுக்கு விஷயம் புரிஞ்சிடும். இப்போ எல்லாமே பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ், நடுவுல புகுந்து அந்த பக்கத்த காட்ட முடியாது, அதனால வெறுமனே சுத்திக்கிட்டே இருக்கும் இல்லைன்னா கனெக்ஷன் எரர்னு வரும். கஸ்டமர் போன் பண்ணி "அண்ணா நெட் போச்சு"ம்பாங்க, இவர் ஏணி எடுத்துக்கிட்டு போயி போஸ்ட்ல ஏறி பாக்ஸ திறந்து பவர் லெவல் பாத்து எல்லாம் சரியா இருக்குன்னு எறங்குவார். ரிப்பேரா பிளாக்கான்னு அவருக்கும் தெரியாது, கஸ்டமருக்கும் தெரியாது, கேக்கறதுக்கு ஒரு நம்பரும் கிடையாது. ஒரு அரசாங்கம் என்னோட உரிமைல கை வைக்குது, கை வச்சது யாருன்னே எனக்கு தெரியலைன்னா நான் எந்த கோர்ட்டுக்கு போறது?

இது தற்செயலா வந்த குறை இல்ல, விதியிலயே அப்படித்தான் இருக்கு. 2009 பிளாக்கிங் விதிகள்ல 16ஆவது விதி, புகாரும் அதுமேல எடுத்த நடவடிக்கையும் ரகசியமா வச்சுக்கணும்னு சொல்லுது. 2015 மார்ச் 24ல ஷ்ரேயா சிங்கல் வழக்குல சுப்ரீம் கோர்ட், நெட்ல புண்படுத்தற மாதிரி எழுதினா ஜெயில்னு சொன்ன ஐடி சட்டத்து 66ஏ பிரிவ தூக்கி எறிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதே தீர்ப்புல 69ஏ சரின்னு விட்டுட்டாங்க, ஏன்னா அதுல காரணம் எழுதணும், கமிட்டி பாக்கணும், சம்பந்தப்பட்டவங்களுக்கு நோட்டீஸ் குடுக்கணும்னு பாதுகாப்பு இருக்குன்னு. காகிதத்துல இருக்கு. ஆனா உத்தரவே ரகசியம்னா அந்த காரணம் எழுதியிருக்கா இல்லையான்னு வெளிய இருந்து யார் பாப்பாங்க. 2014ல 471 முகவரி பிளாக் பண்ணினாங்க, 2020ல 9,849, இது அரசாங்கமே பார்லிமெண்ட்ல குடுத்த கணக்கு. அதுல எது நியாயம் எது அநியாயம்னு பிரிச்சு பாக்க நம்ம கைல எதுவும் இல்ல. இப்போ அதுக்கும் மேல 2024 அக்டோபர்ல இருந்து சகயோக்னு மத்திய அரசோட ஒரு போர்டல், அது 69ஏ வழியா வராது, அதே ஐடி சட்டத்தோட 79ஆவது பிரிவு வழியா வருது, பல துறை அதிகாரிங்களும் மாநில போலீசும்கூட நேரா கம்பெனிகளுக்கு இத எடுன்னு நோட்டீஸ் அனுப்பலாம். எக்ஸ் கம்பெனி, அதான் பழைய ட்விட்டர், இத எதிர்த்து கர்நாடகா ஐகோர்ட்டுக்கு போச்சு, 2025 செப்டம்பர்ல அந்த வழக்கு தள்ளுபடி ஆயிடுச்சு. அதாவது கமிட்டி, நோட்டீஸ்னு 69ஏல இருந்த கொஞ்ச நஞ்ச பாதுகாப்பும் இல்லாத குறுக்கு வழி ஒண்ணு தொறந்தாச்சு.

ரகசியமும் அவசரமும் சேந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே வரிசையா உதாரணம் இருக்கு. 2003ல மேகாலயா சம்பந்தப்பட்ட ஒரே ஒரு யாஹூ குரூப்ப நிறுத்தச் சொன்னாங்க, நெட் கம்பெனிகளுக்கு ஒண்ண மட்டும் நிறுத்தத் தெரியல, யாஹூ குரூப்ஸ் மொத்தமும் போச்சு. 2006ல மும்பை ரயில் குண்டு வெடிப்புக்கு அப்பறம் சில வலைப்பூக்கள நிறுத்தச் சொன்னா, அதெல்லாம் இருந்த பிளாக்ஸ்பாட் மொத்தமும் வரல, தமிழ்ல எழுதிக்கிட்டு இருந்தவங்க பாதிப்பேர் அப்போ அங்கதான் இருந்தாங்க. 2012ல சென்னைல ஒரு கம்பெனி தமிழ்ப் படம் திருட்டுத்தனமா ஏறக்கூடாதுன்னு ஐகோர்ட்ல பேர் தெரியாத ஆளுங்க மேல ஒரு உத்தரவு வாங்குச்சு, அத வச்சு நெட் கம்பெனிகள் விமியோங்கற வீடியோ சைட் மாதிரி முழு சைட்டையே பூட்டிட்டாங்க, அந்தந்த முகவரிய மட்டும்தான் நிறுத்தணும், முழு சைட்டையும் இல்லன்னு ஜூன்ல கோர்ட் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டி வந்துச்சு. 2014 டிசம்பர்ல தீவிரவாதப் பிரச்சாரத்த தடுக்கறோம்னு 32 சைட் பிளாக், அதுல கிட்ஹப்பும் இருந்துச்சு, உலகம் பூரா புரோகிராம் எழுதறவங்க கோட் வைக்கற எடம் அது. கோயமுத்தூர்ல, கொச்சில, பெங்களூர்ல அத நம்பித்தான் வேலை நடக்குது. எழுதினவங்க, வேலை பாத்தவங்க, படிச்சவங்க கஷ்டப்பட்டாங்க, எந்த ஆபத்த நிறுத்தறதா சொன்னாங்களோ அது வேற முகவரிக்கு மாறிப் போயிருச்சு.

அப்போ இது சரியா வேலை செய்யறதில்லன்னு அரசாங்கத்துக்கே தெரியாதா? தெரியும். அப்பறம் ஏன் திரும்பத் திரும்ப இதே? இங்கதான் ஓட்டு அரசியல் வருது, இத கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா நெறைய பேர் இத ஜனங்க முட்டாள், அரசியல்வாதி கெட்டவன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. நான் அப்படி பாக்கல. ரம்மில காசு விட்டு தூக்கு போட்டுக்கிட்ட ஒருத்தர் வீட்ல அந்த அம்மா "அந்த கேம தடை பண்ணித் தொலைங்க"ன்னு அழறாங்கன்னா அது முழுக்க நியாயம். சைபர் தாக்குதலுக்கு ஆளான ஒரு பொண்ணு போலீஸ் ஸ்டேஷன் ஏறி ஏறி எறங்கி ஒண்ணும் நடக்காம கோவப்படுதுன்னா அதுவும் நியாயம். பிரச்சன என்னன்னா அந்த கோவத்துக்கு பதில் அன்னைக்கே சொல்லியாகணும், சைபர் போலீசுக்கு ஆள் எடுக்கறது, டிரெயினிங் குடுக்கறது, ஃபாரன்சிக் லேப்ல தேங்கிக் கெடக்கற போன்கள பாத்து முடிக்கறது, இதெல்லாம் வருஷக் கணக்கு, பட்ஜெட் வேணும், முடிஞ்சாலும் டிவில காட்ட ஒண்ணும் இருக்காது. தடைன்னு அறிவிக்கறதுக்கு பைசா செலவில்ல. அன்னைக்கே அறிவிக்கலாம், யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க, பேசினா நீ சூதாட்டத்துக்கு ஆதரவா, ஆபாசத்துக்கு ஆதரவான்னு கேப்பாங்க. செலவு பூரா பின்னாடி வரும், அதுவும் பேர் தெரியாதவங்க தலைல. அதனால எந்தக் கட்சி வந்தாலும், இடதோ வலதோ திராவிடமோ, கை அந்தப் பக்கமே போகுது.

எங்க கேரளால நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். 2020ல பெண்கள கேவலமா பேசி யூடியூப்ல வீடியோ போட்டதுக்கு எதிரா பெரிய கொந்தளிப்பு, கோவம் முழுக்க சரி. அக்டோபர்ல கேபினட் போலீஸ் சட்டத்துல 118ஏன்னு புதுப் பிரிவு சேக்க முடிவெடுத்துச்சு, நவம்பர் 21ல கவர்னர் கையெழுத்து போட்டு அவசரச் சட்டம் ஆச்சு. அதுல எழுதியிருந்தது என்ன? எந்த வகைத் தகவல் தொடர்பு வழியாவும் ஒருத்தர மிரட்டற, இழிவுபடுத்தற, அவதூறான பொய்யான விஷயத்த பரப்பினா மூணு வருஷம் வரை ஜெயில், இல்ல பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். பெண்கள்ங்கற வார்த்தையும் இல்ல, ஆன்லைன்ங்கற வார்த்தையும் இல்ல. பேப்பர்ல கார்ட்டூன் போட்டாலும் அடங்கும், பஞ்சாயத்து பிரசிடெண்ட பத்தி வாட்ஸ்அப்ல எழுதினாலும் அடங்கும், அதுவும் டிசம்பர்ல உள்ளாட்சித் தேர்தல் வரப்போற நேரம். நவம்பர் 23ல, ரெண்டே நாள்ல, முதலமைச்சர் பினராயி விஜயன் இத அமல்படுத்த மாட்டோம்னு அறிவிச்சார், அப்பறம் அந்த அவசரச் சட்டத்த வாபஸ் வாங்கற இன்னொரு அவசரச் சட்டம் வந்துச்சு. சொந்தக் கூட்டணிக்குள்ளயே எதிர்ப்பு வந்தத கேட்டு பின்வாங்கினது நல்ல விஷயம், அத மனசார சொல்றேன், பல அரசாங்கம் அதக்கூட செய்யறதில்ல. ஆனா இன்னொன்னும் இருக்கு. ஷ்ரேயா சிங்கல் தீர்ப்புல 66ஏ மட்டும் போகல, கேரளா போலீஸ் சட்டத்தோட 118 டி பிரிவும் அதே தீர்ப்புல செல்லாதுன்னு போச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி சுப்ரீம் கோர்ட் அடிச்சு விட்ட அதே எடத்துல அதே நம்பர்ல திரும்ப ஒண்ண நட்டாங்க. இதுல அந்தப் பெண்களுக்கு என்ன கெடச்சுது? அந்த ரெண்டு மாசம் சட்டம் எழுதறதுல போச்சு, அவங்க கேஸ் அங்கயேதான் இருந்துச்சு.

மத்திய அரசும் இதே கதைதான். 2015 ஜூலை 31ல 857 ஆபாச சைட்ட பிளாக் பண்ணுங்கன்னு உத்தரவு, நாலே நாள்ல குழந்தைகள் சம்பந்தப்பட்டது இல்லாத சைட்ட விட்டுடலாம்னு மாத்திக்கிட்டாங்க. 2018 செப்டம்பர்ல உத்தராகண்ட் ஐகோர்ட் அந்த பழைய உத்தரவ தூசி தட்டி அமல்படுத்தச் சொல்லுச்சு, சரி பாத்தா அதுல 30 சைட்ல ஆபாசமே இல்ல, 827ன்னு குறைச்சாங்க. மூணு வருஷமா யாரும் அந்த லிஸ்ட்ட திறந்துகூட பாக்கலங்கறதுதான் இதுக்கு அர்த்தம்.

டிக்டாக் கத நம்ம மதுரைல ஆரம்பிச்சது. 2019 ஏப்ரல் 3ல ஐகோர்ட் மதுரைக் கிளை தடை சொல்லுச்சு, ரெண்டு வாரத்துல ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க, ஏப்ரல் 24ல தடைய நீக்கிட்டாங்க. இடைப்பட்ட நாள்ல புதுசா டவுன்லோட் பண்ண முடியாது, ஏற்கனவே போன்ல இருக்கறவங்களுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, எங்க ஊர்ப் பசங்க ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்கு ஷேர்இட்ல தள்ளி விட்டுக்கிட்டாங்க.

இது இந்தியா நோய் மட்டும் இல்ல, ஆஸ்திரேலியாவ பாத்தா இன்னும் தெளிவா புரியும். 2007ல அங்க ஜான் ஹோவார்ட் அரசாங்கம் 84 மில்லியன் டாலர் செலவு பண்ணி வீட்டுக்கு வீடு இலவச ஃபில்டர் சாஃப்ட்வேர் குடுத்துச்சு, மெல்போர்ன்ல ஒரு 16 வயசுப் பையன் அரை மணி நேரத்துல அத தாண்டிக் காட்டினான். அந்த வருஷக் கடைசில தேர்தல்ல ஜெயிச்சு வந்த லேபர் கட்சி, சாஃப்ட்வேர் பத்தாது, நெட் கம்பெனி மட்டத்துலயே கட்டாய ஃபில்டர் போடறோம்னு சொல்லுச்சு, ஸ்டீபன் கான்ராய்னு ஒரு அமைச்சர் அத தூக்கிக்கிட்டு அஞ்சு வருஷம் அலைஞ்சார். 2009 மார்ச்ல அவங்க அரசுத் துறையோட ரகசியத் தடை லிஸ்ட்ட, அரசாங்க ரகசியங்கள வெளிய போடற விக்கிலீக்ஸ் வெளியிட்டுச்சு, அதுல குயின்ஸ்லாந்து பல் டாக்டர் ஒருத்தரோட கிளினிக் சைட்டும் இருந்துச்சு. லிஸ்ட் ரகசியமாவே இருந்திருந்தா அவருக்கு தெரிஞ்சே இருக்காது. 2012 நவம்பர்ல கட்டாய ஃபில்டர கைவிட்டாங்க, சரி முடிஞ்சுதுன்னு பாத்தா அடுத்த வருஷமே வேற ஒரு பழைய சட்டப் பிரிவ பிடிச்சு, முதலீட்டு மோசடிய தடுக்கறோம்னு ஒரு துறை ஒரு ஐபி அட்ரஸ பிளாக் பண்ணுச்சு, அதே சர்வர்ல இருந்த 1,200க்கு மேல சம்பந்தமில்லாத சைட்டும் சேந்து போச்சு, ஒரு இலவசக் கல்வி அமைப்போட சைட்டும் அதுல ஒண்ணு. பெரிய ஃபில்டர் செத்தாலும் சின்னச் சின்ன வழியா அதே வேலை நடந்துக்கிட்டே இருக்கும்ங்கறதுக்கு நம்ம சகயோக்கும் அதுவும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி.

இப்போ அதே ஆஸ்திரேலியா 16 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு சோஷியல் மீடியா கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு. 2024 நவம்பர்ல மசோதா வந்து ஒரு வாரத்துல நிறைவேறிச்சு, ஜனங்க கருத்து சொல்ல குடுத்தது ஒரே ஒரு நாள். 2025 டிசம்பர் 10ல அமலுக்கு வந்துச்சு, மீறற கம்பெனிக்கு 49.5 மில்லியன் டாலர் வரை அபராதம். நம்ம ஊர் டிவி விவாதத்துல இங்கயும் கொண்டு வரணும்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு, பெத்தவங்க கேட்டா உடனே ஆமான்னுதான் சொல்லுவாங்க, எனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு, ராத்திரி போன பிடுங்கி வைக்கற அப்பன்தான் நானும்.

ஆனா கொழிஞ்சாம்பாறைல, எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலுகால, அந்தப் பக்கம் மூணாறு தேவிகுளம் தோட்டத்து லைன் வீடுகள்ல வயசு சரிபாக்கறதுன்னா என்ன நடக்கும்னு நெனச்சுப் பாருங்க. வீட்டுக்கு ஒரு நல்ல போன். சிம் அப்பா பேர்ல, போன் அம்மா கைல, சாயங்காலம் மகளோட படிப்புக்கு. அந்தப் பொண்ணு தமிழ் மீடியத்துல படிக்குது, சுத்தி எல்லாம் மலையாளம், டியூஷன் சென்டரும் மலையாளம் இல்லைன்னா இங்கிலீஷ். அவளுக்கு தமிழ்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கறது யூடியூப்ல இருக்கற தமிழ்நாட்டு வாத்தியார்கள்தான், பாடப் பிடிஎஃப் வர்றது டெலிகிராம் குரூப்ல. கணக்கு யாரோடது, ஓடிபி யாருக்கு வருது, முகத்த காட்டச் சொன்னா யார் முகம், ஆதார் கேட்டா யாரோட ஆதார்? மொதல்ல வெளிய நிக்கப் போறது அவதான், ஏன்னா பையன் கைல போன குடுக்கற வீடு பொண்ணு கைல குடுக்கறதுக்கு ஏற்கனவே யோசிக்குது, இப்போ சட்டமே சொல்லுதுன்னு ஒரு சாக்கு கெடச்சிடும். 2019 செப்டம்பர்ல கேரளா ஐகோர்ட்ல நீதிபதி பி.வி.ஆஷா குடுத்த தீர்ப்பு ஞாபகம் வருது, கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல்ல சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் போன் கூடாதுன்னு விதி, ஒத்துக்காத மாணவிய வெளியேத்திட்டாங்க, அவ கோர்ட்டுக்கு போனா, இன்டர்நெட் வசதி கல்வி உரிமையோடயும் அந்தரங்க உரிமையோடயும் சேந்ததுன்னு கோர்ட் சொல்லுச்சு. பாதுகாப்புங்கற பேர்ல முதல்ல யாரோட போன் பூட்டப்படுதுன்னு அந்த ஹாஸ்டல் விதியிலயே இருக்கு.

அப்போ ஒண்ணுமே பண்ணக்கூடாதான்னு கேப்பீங்க. பண்ணணும், வேலை செய்யறத பண்ணணும். 2025 ஆன்லைன் கேமிங் சட்டத்தையே எடுத்துக்கங்க. ஆகஸ்ட் 20ல லோக்சபா, 21ல ராஜ்யசபா, 22ல ஜனாதிபதி ஒப்புதல், மூணு நாள்ல ஒரு தொழிலையே மூடற சட்டம், விவாதமே இல்லாம போனது ரொம்பத் தப்பு. ஆனா அதுக்குள்ள ஒரு பகுதி உண்மையிலயே வேலை செஞ்சுது, அது பிளாக் பண்ற பகுதி இல்ல. பேங்க்கும் பேமெண்ட் கம்பெனியும் இந்த கேமுக்கு பணம் கடத்தக் கூடாதுன்னு சொல்ற பகுதி, நடத்தறவங்களுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம்னு சொல்ற பகுதி. பெரிய இந்தியக் கம்பெனிகள் உடனே காசு கட்டற போட்டிய நிறுத்தினது யூபிஐ குழாய் மூடிடும்ங்கறதாலயும் ஜெயில் பயத்தாலயும்தான், யாரும் அவங்க சைட்ட பிளாக் பண்ணல. வெளிநாட்டுல உக்காந்து நடத்தற பெட்டிங் சைட்டுகளுக்கு பிளாக் உத்தரவு வருஷக் கணக்கா போயிக்கிட்டே இருக்கு, அவங்க பேருக்குப் பின்னாடி ஒரு நம்பர மாத்தி மறுநாள் திரும்ப வர்றாங்க. அங்கயும் பிடிக்க வேண்டியது பணம் போற அக்கவுண்ட்ட. அந்த அக்கவுண்ட்டெல்லாம் நம்ம ஊர்ல காலேஜ் பசங்ககிட்ட ஐயாயிரம் பத்தாயிரம் குடுத்து வாடகைக்கு வாங்கறதுதான், பேங்க் பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் சேத்து வாங்கிட்டுப் போறாங்க. பையனுக்கு அது குத்தம்னே தெரியாது, போலீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் தெரியும்.

குழந்தைகள வச்சு எடுக்கற வீடியோ விஷயத்துலயும் அப்படித்தான். கேரளா போலீஸ் ஆபரேஷன் பி-ஹண்ட்னு நடத்தறாங்க, அத டவுன்லோட் பண்றவன், பரப்பறவன் யாருன்னு கண்டுபிடிச்சு ஒரே நாள்ல பல மாவட்டத்துல ரெய்டு போயி போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கிட்டு வந்து ஐடி சட்டம் 67பி-ல, போக்சோல கேஸ் போடறாங்க. ஆள பிடிக்கறாங்க, குழந்தைய காப்பாத்த ஒரு வழி இருக்கு. சைட்ட மட்டும் மறைச்சா அந்தக் குழந்தை அங்கயேதான் இருக்கும். ஆனா இந்த வேலைக்கு ஆள் வேணும், இன்னைக்கும் ஒரு சைபர் கேஸ் குடுக்கணும்னா எங்க பக்கத்து தமிழ் பேசற அம்மாக்கள் பாலக்காடு டவுன் வரைக்கும் போகணும், அங்க மலையாளத்துல எழுதிக் குடுக்கணும், பணம் போனது தமிழ்நாட்டு பேங்க் அக்கவுண்ட்டா இருந்தா கோயமுத்தூர்ல குடுங்கம்பாங்க, கோயமுத்தூர் போனா உங்க அட்ரஸ் கேரளா இல்லையாம்பாங்க. பணம் போனா உடனே 1930க்கு போன் பண்ணணும், எந்த ஊரா இருந்தாலும் அந்த ஒரே நம்பர்தான், பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு தாவறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்த முடியும். இத எத்தனை தமிழ் வீட்டுக்கு யார் சொல்லியிருக்காங்க?

அடுத்த தடவ எந்த அமைச்சர் எந்த மேடைல ஃபில்டர் போடறோம், வயசு பாத்து விடறோம்னு சொன்னாலும் எங்க தொகுதி எம்எல்ஏகிட்ட நான் கேக்கப் போறது இதுதான். எந்தெந்த சைட்ட எதுக்காக நிறுத்தினீங்கன்னு லிஸ்ட்ட வெளியிடுவீங்களா, குழந்தைங்க கொடுமை சம்பந்தப்பட்ட முகவரிய தவிர மத்ததெல்லாம். தப்பா பிளாக் ஆன ஒரு சின்ன கடைக்காரன் எந்த ஆபீசுக்கு எத்தனை நாளைக்குள்ள மனு குடுக்கலாம். பிளாக் ஆனா அது பிளாக்தான்னு கனெக்ஷன் குடுக்கறவருக்காவது தெரியப்படுத்துவீங்களா, அவர் போஸ்ட்ல ஏறாம இருக்கறதுக்கு. ஒரு வருஷம் கழிச்சு அந்த லிஸ்ட்ட யாராவது திரும்பப் பாப்பாங்களா. எங்க சித்தூர் ஸ்டேஷன்ல தமிழ்ல புகார் எழுதி வாங்க ஒரு சைபர் போலீஸ்காரர எப்போ போடுவீங்க, அதுக்கு இந்த பட்ஜெட்ல எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க.